படகு ட்ரெயிலரின் வின்ச் பட்டை: வசந்தகால ஆலோசனை

சிம்கோ ஏரியிலும் கவார்த்தா ஏரிகளிலும் பனிக்கட்டி உருகித் தண்ணீர் திறந்துகொண்டுவிட்டபடியால், மே 25-க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தின விடுமுறையை உத்தேசித்துப் படகை வெளியே எடுக்க எண்ணியிருக்கும் ஒன்ராறியோ வாசகர்கள், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும் தூண்டில்களைச் சரிபார்ப்பதிலும் காட்டுகிற சிரத்தையில் ஒரு சிறு பாகத்தையேனும், படகின் அணியத்தைப் பிடித்து ட்ரெயிலரின் மேல் இழுத்துக்கொடுக்கும் வின்ச் பட்டைக்கு ஒதுக்க வேண்டிய தருணம் இது. பிள்ளைகள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு அவசரத்தில் செய்யும் காரியமல்ல. ஒரு வாரம் முன்னதாகச் செய்தால்தான், பழுது தென்பட்டால் புதுப் பட்டை வாங்கி மாட்ட அவகாசம் இருக்கும்.

பெரும்பாலும் 2 அங்குல அகலமும் 20 அடி நீளமும் கொண்ட இந்தப் பட்டைகள் பாலியெஸ்டர் நூலால் நெய்யப்பட்டவை. பாலியெஸ்டர் மக்கிப்போகும் வஸ்து அல்லவாகையால் அதற்கு ஆயுள் முடிவே இல்லையென்று பலர் நம்பியிருக்கிறார்கள். ஆனால் சென்ற இலையுதிர் காலத்தில் ஈரத்தோடு சுருட்டப்பட்டு, வீதியில் தெறித்த உப்பையும் படகுத்துறை மணலையும் தன் மடிப்புகளுக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக வெளியில் கிடந்த பட்டையில், மேல் சுற்றுகளின் நூலை வெயில் நாளடைவில் பலவீனப்படுத்துகிறது. நுண்ணிய மணல் உள்ளிருந்தபடியே இழைகளை அறுக்கிறது. உருளையோடு பட்டையைப் பிணைக்கும் போல்ட்டை உப்பு அரிக்கிறது. வெயிலின் சேதம் நிறம் வெளுத்துக் கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரிவதில்லை. ஆகவே வெளியே தொங்கும் இரண்டு முழத்தைப் பார்த்துத் திருப்தியடைவதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது. பட்டையை முழுவதும் அவிழ்க்க வேண்டும்.

அவிழ்ப்பதற்கு முன் ட்ரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, அணியத்து வளையத்தில் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, படகின் பின்புறத்தையும் ட்ரெயிலரோடு கட்டிவிடுங்கள். கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்ட பின்னரே பற்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கை விடுவிக்க வேண்டும். பாரம் இழுக்கும் நிலையில் கைப்பிடியைச் சுழல விட்டால் அது மணிக்கட்டை முறிக்கும் வேகத்தில் திரும்பி அடிக்கக்கூடும். இந்தக் கருவியில் மனிதருக்கு அபாயம் விளைவிக்கும் பாகம் பட்டை மட்டுமல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அவிழ்த்த பட்டையை வெயிலில் நீட்டிப் போட்டு, இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, பிசிறு, ஓரிடத்தில் மட்டும் விறைப்பு, உராய்ந்து உருகியது போன்ற பளபளப்பு ஆகியவற்றுள் எது இருந்தாலும் அந்தப் பட்டையின் சேவை முடிந்தது. பிறகு கொக்கியின் பக்கத்துத் தையலை நிதானமாகக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் துலாக்கயிற்றில் நீரிறைத்துப் பழகியவர்களுக்கு, நடுக்கயிறு எவ்வளவு திடமாயிருந்தாலும் வாளி கட்டும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டுமென்று யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. இங்கும் பாரம் முழுவதும் வந்து கூடுவது அந்த நான்கு விரற்கடைத் தையலில்தான். கொக்கி விரிந்திருக்கிறதா, அதன் வாயை மூடும் வில்நாக்கு தானாகத் திரும்பி மூடுகிறதா என்பதையும், மறுமுனையில் உருளைப் போல்ட்டின் துருவையும் பார்த்துவிட்டால் பரிசோதனை முடிந்தது.

பழுதுபட்ட பட்டையை முடிச்சுப் போட்டோ வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஒட்டுப் போட்டோ உபயோகிக்கும் சிக்கனம் எனக்குச் சம்மதமல்ல. முடிச்சு விழுந்த இடத்தில் பட்டையின் பலம் வெகுவாகக் குறைகிறது. புதிது வாங்கும்போது, அதில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கக்கூடும்: ஒன்று அறுந்துபோகும் பாரம், மற்றது தாங்கத்தக்க பாரம். பின்னது பெரும்பாலும் முன்னதில் மூன்றிலொரு பங்கே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் எண்ணைக் கண்டு மயங்காமல், சிறிய எண் உங்கள் வின்ச்சின் சக்திக்குக் குறையாதிருக்கிறதா என்று பாருங்கள். வின்ச்சின் பற்களுக்கு மசகு இடுங்கள். பட்டையில் ஒரு துளியும் படவேண்டாம், அது மணலை ஒட்டவைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும், பட்டை புத்தம் புதிதாகவே இருந்தாலும், நெடுஞ்சாலை 400-இல் படகைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடலாகாது. படகை ட்ரெயிலர்மேல் இழுப்பதே அதன் தொழில். குண்டும் குழியுமான வீதியில் பின்புறம் துள்ளும்போதெல்லாம் பட்டை ஒரு கணம் தளர்ந்து மறுகணம் வெட்டியிழுக்கப்படுகிறது; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இது தொடர்ந்தால் நல்ல தையலும் நைந்துபோகும். ஆதலால் அணியத்தில் தனிச் சங்கிலியொன்றும், பின்புறத்தில் இருபக்கமும் ட்ரெயிலர் சட்டத்தோடு இறுக்கிய கட்டுப்பட்டைகளும் அவசியம். காரையும் ட்ரெயிலரையும் இரண்டு தனித்தனி இணைப்புகளால் பிணைக்க வேண்டுமென்று ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டம் விதிக்கிறது. ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடிக்க வேண்டும் என்னும் அந்த நியாயம் படகுக்கும் பொருந்தும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் பத்திரமான இடத்தில் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். முதல் குலுங்கலில் தளர்வது சகஜம்.

துறையில் இறக்கும்போது, பின்புறம் மிதக்கத் தொடங்குமுன் கொக்கியையும் சங்கிலியையும் கழற்றாதீர்கள். சாய்ந்த தளத்தில் ட்ரெயிலரிலிருந்து வழுக்கிக் கொங்கிறீற்றில் விழுந்த படகைத் தூக்குவது கையால் ஆகிற வேலையல்ல. திரும்பும்போது, தரைவழியே கொண்டுசெல்லுமுன் அடைப்பான்களைக் கழற்றி நீரை வடிக்கவும் ஒட்டிய நீர்த்தாவரங்களை அகற்றவும் 2022 ஜனவரி 1 முதல் இம்மாகாணத்தில் சட்டம் கட்டளையிடுகிறது. அவ்வேலையை முடித்து வீடு சேர்ந்ததும், சங்கிலியும் பின்கட்டுகளும் மாட்டியபடியே இருக்க, பட்டையை மறுபடியும் அவிழ்த்து நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்திய பின்னரே உருளையில் சுற்றுங்கள்.