திரைப்படத் தட்டிலிருந்து சூழொலியைப் பிரித்தெடுத்தலும் மதிப்பிடலும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. ஆதலால் இருமொழி ஒலிகளும் அடங்கிய திரைப்படத் தட்டு, ஆங்குள்ள மொழியாசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் பயன்தரும் சாதனமாகும். ஆயினும் ஒலியை முறையறியாது பிரித்தால், இசை கேட்கும், உரையாடல் மறையும். இதன் காரணமும் பரிகாரமும் இங்கு விளக்கப்படுகின்றன.

அமைப்பு

5.1 எனக் குறிக்கப்படும் முறையில் ஆறு ஒலிவழிகள் உள்ளன: முன் இடம், முன் நடு, முன் வலம், சூழ் இடம், சூழ் வலம், தாழொலி. இறுதியிலுள்ள தாழொலி வழி ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையிலான முழக்கங்களுக்கே உரியது. உரையாடலின் பெரும்பகுதி நடுவழியில் அமைகின்றது. முன் இடத்தையும் வலத்தையும் மட்டும் எடுப்பவர் பேச்சை இழப்பது இதனாலேயே.

டி.வி.டி. தட்டின் ஒலி, வினாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதியப்படுகின்றது. ஆறு வழிகளையும் 16 பிட் அளவில் சுருக்காது பதிய வினாடிக்கு 46,08,000 பிட் வேண்டும். டால்பி டிஜிட்டல் முறைக்கு அத்தட்டில் உள்ள உச்சவரம்போ 4,48,000 பிட்டே. செவி உணராதெனக் கருதப்படும் கூறுகளை நீக்கியே இச்சுருக்கம் பெறப்படுகின்றது. நீக்கியவை மீளா, பிறகு எத்துணைப் பெரிய கோப்பாக மாற்றினும் பயனில்லை.

பிரித்தெடுக்கும் முறை

1. உரிமையாளரின் அனுமதியுள்ள தட்டையே கையாளுக.

2. ஒரே தட்டில் ஒரு மொழி ஆறு வழிகளிலும் மற்றது இரு வழிகளிலும் இருக்கலாம். வேண்டிய மொழியின் ஒலித்தொடரைக் கண்டறிக.

3. அத்தொடரை வேறு வடிவத்திற்கு மாற்றாது, உள்ளவாறே பிரதி செய்க. மூலப்பிரதியைப் பாதுகாத்து வைக்க.

4. வகுப்பில் இரு ஒலிபெருக்கிகளே இருப்பின், நடுவழியை 0.7 மடங்காக்கி இடம், வலம் இரண்டிலும் கூட்டுக. சூழ் வழிகளையும் அவ்வப்பக்கத்தில் அவ்வாறே சேர்க்கலாம். ஒலி சிதையாதவாறு மொத்த அளவைக் குறைத்துக்கொள்க.

மதிப்பிடும் முறை

உறையிலுள்ள எண்ணை நம்புதல் போதாது. ஒவ்வொரு வழியையும் தனித்துக் கேட்டல் வேண்டும். நடுவில் பேச்சும், சூழ் வழிகளில் மழை, காற்று, கூட்டத்தின் ஆரவாரம் போன்றவையும் இயல்பாக அமையும். பின்னர் சூழ் வழிகளுள் ஒன்றன் அலையைத் தலைகீழாக்கி மற்றதனுடன் கூட்டுக. முற்றிலும் மௌனம் விளையின், இரண்டும் ஒரே ஒலியே.

சித்தூர் வி. நாகையா இயக்கி நடித்த தெலுங்குப் படமான ‘தியாகய்யா’ 1946-இல் வெளிவந்தது. அக்காலப் படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிந்தது. அத்தகைய படத்தின் தட்டு 5.1 எனக் கூறின், அது பின்னாளில் பரப்பப்பட்ட ஒலியேயாம். எதிரொலி சேர்த்துப் பரப்பியிருப்பின் மேற்கூறிய சோதனையில் மௌனம் விளையாது. ஆகவே படத்தின் ஆண்டையும் நோக்குக. மாறாக, ‘குருதிப்புனல்’ (1995) டால்பி முறையைக் கையாண்ட முன்னோடித் தமிழ்ப் படங்களுள் ஒன்று.

இரு பிரதிகளை ஒப்பிடுங்கால் இரண்டையும் சம உரப்பில் கேட்டல் இன்றியமையாதது. உரத்து ஒலிப்பது செவிக்குச் சிறந்ததாகத் தோன்றும்.

பயிற்சி

ஒரு காட்சியை நடுவழியுடனும் அஃதின்றியும் மாணவர்க்கு ஒலிக்கச் செய்து, அவர்கள் புரிந்து எழுதிய சொற்களை எண்ணி ஒப்பிடுக.