வளைவின் இரு புறங்கள்

கேள்வி: தகடு வளைக்கும் டை வடிவமைப்பது என் தொழில். டிரிப் வகை எஃகுத் தகட்டுக்கு இழுவைச் சோதனையில் கிடைத்த கோட்டைக் கணினிக்குக் கொடுத்து வளைவைக் கணக்கிட்டேன். பஞ்ச் மேலே எழும்பியதும், கணக்குச் சொன்னதைவிட 3 டிகிரி அதிகமாகத் தகடு விரிந்துகொண்டது. எஃகின் நுண்ணமைப்பு மாறுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பதில்: சேர்க்கத்தான் வேண்டும். தாங்கள் கொடுத்த கோடு பொய்யன்று. ஆனால் அது அறிந்தது இழுவிசையை மாத்திரமே. 2 மில்லிமீட்டர் தகட்டை 4 மில்லிமீட்டர் உள் ஆரத்தில் வளைப்பதாகக் கொள்வோம். நடுப்படலம் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஏறக்குறைய நீளம் மாறாமல் கிடக்க, வெளிப்பரப்பு நூற்றுக்கு 20 பங்கு நீள்கிறது. உட்பரப்போ ஏறத்தாழ அதே அளவு குறுகுகிறது.

இந்த எஃகில் ஃபெரைட்டுக்கும் பேனைட்டுக்கும் நடுவே நூற்றுக்கு 10 பங்கு போல ஆஸ்டனைட் மணிகள், குளிர்ந்த பின்னும் உருமாறாமல் எஞ்சி நிற்கின்றன. உலோகம் நீள நீள இம்மணிகளுக்குள் சறுக்குப் பட்டைகள் தோன்றி, அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் கடினமான மார்ட்டென்சைட் முளைக்கிறது என்னும் கருத்தின்மேல் ஆல்சனும் கோஹனும் 1975-இல் அமைத்த சூத்திரம், முதலில் மெதுவாகவும் பிறகு விரைந்தும் முடிவில் மந்தமாகவும் செல்லும் உருமாற்றத்தை அழகாகச் சித்திரிக்கிறது. எனினும் அதில் விகாரமும் உஷ்ணமும் உண்டே தவிர, விசை இழுக்கிறதா அமுக்குகிறதா என்ற பேதம் இல்லை. ஆஸ்டனைட் மார்ட்டென்சைட்டாக மாறும்போது அதன் கனபரிமாணம் சற்றே பெருகுவதால், இழுவிசை அந்த மாற்றத்துக்கு அதிகமாகத் துணைசெய்கிறது, அமுக்கம் அதைவிடக் குறைவாகவே துணைசெய்கிறது. பிரயோகிக்கும் தகைவு இந்த உருமாற்றத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பட்டேலும் கோஹனும் 1953-லேயே ஆராய்ந்துவிட்டனர். ஆகவே வளைவின் வெளிப்புறம் அதிகமாகவும் உட்புறம் குறைவாகவும் இறுகும். தகட்டின் கனத்தினூடே அடுக்கடுக்காகக் கணக்கிட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் எஞ்சிய ஆஸ்டனைட்டை அவ்விடத்துத் தகைவின் தன்மைக்கேற்பக் குறைத்துக்கொண்டு வருவதே முறை.

ஆனால் 3 டிகிரி முழுவதையும் உருமாற்றத்தின் தலையில் சுமத்த நான் ஒப்பேன். வளைவு இறுக இறுக, நீளாமலும் குறுகாமலும் நிற்கும் நடுநிலைப் படலம் உட்புறம் நோக்கி நகர்வதால், சில இழைகள் முதலில் அமுங்கிப் பின்பு நீளுகின்றன. இப்படித் திசை திரும்பும் உலோகம் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே இளகிக் கொடுக்கும். இதற்குப் பௌஷிங்கர் விளைவு என்று பெயர். மேலும், ஒருமுறை நன்கு விகாரப்பட்ட எஃகு, சுமை நீங்கும்போது தன் ஆதி விறைப்பைக் காட்டுவதில்லை. பழைய மீட்சிக் குணகத்தையே வைத்துக் கணக்கிட்டால் தகடு விரிவது குறைவாகத்தான் தெரியும். இவ்விரண்டையும், இழுத்து அமுக்கும் சோதனையொன்றாலும், இடையிடையே சுமையை இறக்கி ஏற்றும் சோதனையொன்றாலும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அதன்பின் வளைத்த தகட்டைக் குறுக்கே அறுத்து மெருகிட்டு, வெளியோரம், நடு, உள்ளோரம் ஆகிய மூன்று இடங்களிலும் எவ்வளவு ஆஸ்டனைட் மிஞ்சியிருக்கிறது என்று எக்ஸ்-கதிரால் அளக்கச் செய்யுங்கள். நடுவில் மிகுதியாகவும், உள்ளோரத்தில் அதைவிடக் குறைவாகவும், வெளியோரத்தில் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருக்குமானால், உருமாற்றத்தின் சூத்திரத்தைத் தங்கள் கணக்கில் தயக்கமின்றிச் சேர்க்கலாம்.