ஒரே தட்டில் மீனும் இறாலும் நண்டும்

யாழ்ப்பாணத்துச் சமையலில் மீன் என்றால் குழம்பு, சொதி, பொரியல். மூன்றுக்கும் அடுப்படியில் ஆள் நிற்க வேண்டும். குழம்பு சுவைதான். ஆனால் விடியப்புறம் வலையில் பட்ட மீனின் இயல்பான இனிப்பு புளிக்கும் தூளுக்கும் கீழே மறைந்துவிடுகிறது. நல்ல மீன் கைக்கு வந்த நாளில் அதை அவணில் வாட்டிச் சாப்பிடச் சொல்கிறேன். தீவகத்தில் பல வீட்டு அவண்கள் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் கேக் சுட்டுவிட்டு மற்ற நாட்களில் துணி போர்த்துக் கிடக்கின்றன. அல்லைப்பிட்டி போலக் கடல் வாசலில் இருக்கும் ஊரில் அது பெரிய வீண்.

பண்ணைப் பாலத்தால் வந்தால் இரு பக்கமும் ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை கட்டியிருப்பது தெரியும். இறாலும் நண்டும் சிறு மீனும் இந்தக் களங்கட்டிகளில்தான் படுகின்றன. கரையில் வாங்க முடிந்தால் கரையில் வாங்குங்கள். முடியாவிட்டால் பாசையூர் அல்லது சின்னக்கடைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நாலு பேருக்கு முக்கால் கிலோ அளவில் ஒரு முழு மீன், 300 கிராம் இறால், 250 கிராம் கணவாய், நடுத்தர நண்டு இரண்டு போதும். நாலும் ஒரே நாளில் கிடைக்காவிட்டால் கிடைத்ததை வைத்துச் செய்யுங்கள்.

அவணுக்கு விளைமீனும் கொடுவாவும் முதல் தரம். சதை தடிப்பு, முள் பெரிது, காய்ந்து போகாது. பாரையும் நல்லது. ஒட்டி மீன் சுவையில் யாருக்கும் குறைந்ததல்ல, ஆனால் அதன் முதுகு முள் குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும். அதை வெட்டுகிறவரிடமே விட்டுவிடுங்கள். சூடை போன்ற சிறு மீனைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீனின் கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், பூ இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். இறாலின் தலை கறுத்திருந்தால் வேண்டாம். கணவாயின் தோலில் ஊதாப் புள்ளிகள் மினுங்கினால் புதிது, தோல் மங்கி இளஞ்சிவப்பாகியிருந்தால் பழசு. நண்டு உயிரோடு, கைக்குப் பாரமாக இருக்கட்டும். வயிற்றின் கீழே செம்மஞ்சள் முட்டைக் கொத்தோடு வருவதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அடுத்த வருசத்து நண்டு அதில்தான் இருக்கிறது.

வெட்டும்போது, "அண்ணை, செட்டையையும் செதிலையும் எடுத்து, பூவையும் குடலையும் எடுத்துத் தாங்கோ. துண்டு போட வேண்டாம், தலை இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். தலையோடு இருந்தால்தான் கழுத்துச் சதை காயாமல் வேகும். காலையில் வாங்கி இரவு சமைப்பதானால் மீனைக் கழுவி, துடைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள். உப்புப் போட்டு வைக்க வேண்டாம், அது நீரை வெளியே இழுத்துவிடும்.

அவணைப் போட முன் பிளக்கைப் பாருங்கள். 1500 வாட் அவண் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் சின்னப் பிளக்கில் அதைக் குத்தக் கூடாது, நீட்டு வயரில் கேத்திலோடு சேர்த்துப் போடவே கூடாது. 13 அல்லது 15 அம்பியர் பிளக்கில் நேரே கொடுங்கள். 200 பாகை செல்சியசில் வைத்துக் கால் மணித்தியாலம் வெறுமனே சூடாக விடுங்கள். காற்றாடி உள்ள அவணுக்கு 180 போதும்.

தட்டு அகலமாக, விளிம்பு தாழ்ந்ததாக இருக்க வேண்டும். குழிந்த சட்டியில் போட்டால் எல்லாம் தன் நீரிலேயே அவிந்துவிடும். உலோகத் தட்டு சிறந்தது, பளபளப்புப் பூசிய பீங்கான் தட்டும் நல்லது. அல்லைப்பிட்டிக்குப் பீங்கான் புதிதல்ல. 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் இங்கே தோண்டியபோது சோங் காலத்துச் சீனப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. சின்ன அவணில் முழு மீன் நீட்டுக்குக் கொள்ளாவிட்டால் மூலைக்கு மூலை சரித்து வையுங்கள், அதற்கும் கொள்ளாவிட்டால் நடுவால் இரண்டாக வெட்டுங்கள்.

இனிக் கூட்டு. யாழ்ப்பாணத் தூள் ஒரு மேசைக்கரண்டி, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, மஞ்சளும் பெருஞ்சீரகத் தூளும் அரை அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, அம்மியில் நசித்த உள்ளி ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி. இவற்றை மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழையுங்கள். எண்ணெயைக் குறைக்காதீர்கள். எங்கள் தூள் ஏற்கெனவே வறுத்தது. எண்ணெய் இல்லாமல் 200 பாகையில் நின்றால் கருகிக் கசக்கும். தேசிக்காய்ப் புளியை இதில் விட வேண்டாம். புளியில் அதிக நேரம் ஊறினால் சதை விறைத்துவிடும். கடைசியில் பிழிவோம்.

அடுத்த வேலையில் அவசரப்பட வேண்டாம், முழுச் சமையலும் இதில்தான் தங்கியிருக்கிறது. மீனை உள்ளும் புறமும் துணியால் ஒற்றி ஈரமே இல்லாமல் துடையுங்கள். கையால் தடவினால் தோல் வழுக்காமல் இலேசாக ஒட்ட வேண்டும். இரு பக்கமும் மூன்று மூன்று கீறல், கத்தி நடு முள்ளைத் தொடும் வரை. கூட்டில் பாதியைக் கீறலுக்குள் விரலால் அழுத்தி, வயிற்றுக்குள் கறிவேப்பிலையும் றம்பைத் துண்டும் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். கணவாயைத் திறந்து உட்புறம் குறுக்கும் நெடுக்குமாக இலேசாகக் கீறி அதையும் துடையுங்கள். இறாலுக்கு ஓடு இருக்கட்டும், முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை மட்டும் எடுங்கள். நண்டை இரண்டாகப் பிளந்து, கால்களை அம்மிக் குழவியால் ஒரு தட்டு. மிச்சக் கூட்டு இவற்றுக்கு.

எல்லாம் ஒரே நேரத்தில் வேகாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தட்டில் ஏற வேண்டும். முதலில் 400 கிராம் உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஏழு நிமிடம் அவித்து வடியுங்கள். ஒரு கை சின்ன வெங்காயம், முழு உள்ளிப் பல்லுகள், எண்ணெய், உப்போடு பிரட்டித் தட்டில் பரப்பி அவணில் 15 நிமிடம். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதும் நடுவில் மீனைக் கிடத்துங்கள். பக்கத்தில் நண்டு, வெட்டுமுகம் கீழே பார்க்க. இன்னும் 15 நிமிடம். பிறகு வெறும் இடங்களில் இறாலையும் கணவாயையும் வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். ஏழெட்டு நிமிடம் போதும். மேல் கம்பிச் சூட்டில் மீன் கருகப் பார்த்தால் ஒரு வாழையிலைத் துண்டால் மூடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஈர்க்கு ஒன்று போதும். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் குத்தி நெம்பினால் சதை வெள்ளையாக, நடு முள்ளை விட்டுக் கழன்று வர வேண்டும். முள்ளோடு பிடித்துக்கொண்டு கண்ணாடிபோலத் தெரிந்தால் இன்னும் நாலு நிமிடம். வெப்பமானி இருந்தால் 63 பாகை காட்ட வேண்டும். இறால் அரைவட்டமாக வளைந்தால் சரி, வளையம்போலச் சுருண்டால் கூடிவிட்டது. இறாலும் கணவாயும் முந்திவிட்டால் அவற்றை எடுத்துவிட்டு மீனை மட்டும் திரும்ப உள்ளே விடுங்கள். எங்கள் கைக்கு அதிகமாக வேக வைக்கும் பழக்கம் இருக்கிறது, குழம்பு அதைப் பொறுக்கும், அவண் பொறுக்காது.

எல்லாவற்றையும் கோப்பைக்கு மாற்றியபின் தட்டின் அடியில் செம்மண்ணிறத்தில் ஒரு பிசின் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி ஊற்றாதீர்கள், கடலின் முழு ருசியும் அதில்தான் இருக்கிறது. கால் கோப்பை தேங்காய் முதற்பாலைக் கொதிக்க விடாமல் சூடாக்கி, அந்தச் சூட்டுத் தட்டில் விட்டு மரக்கரண்டியால் சுரண்டுங்கள். ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகத் தடிக்கும். மீனின் மேல் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, பச்சைமிளகாயும் வெங்காயமும் அரிந்து தூவுங்கள். பாணோடு தொட்டுச் சாப்பிட ஏற்றது. இடியப்பத்துக்கும் இதுவே போதும், சொதி தேவையில்லை.

வீட்டில் யாருக்காவது இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதென்றால் அவருடைய மீனைத் தனித்தட்டில் வேக வையுங்கள். ஓரமாக ஒதுக்கிவைப்பது பாதுகாப்பில்லை, சாறு எல்லா இடமும் ஓடும்.

பாரிஸ் லா சப்பலிலோ ஸ்காபரோவிலோ உறைந்த மீன் வாங்குகிறவர்கள் முதல் நாள் இரவே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சுடுதண்ணீரில் இளக்கினால் வெளிச்சதை அவிந்து உட்சதை பனியாகவே இருக்கும். உறைந்த மீன் நீர் விடும் என்பதால் துடைப்பதை இரண்டு தரம் செய்யுங்கள்.

மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரில் வையுங்கள். மறுநாள் காலையில் மீன் சதையை முள் பார்த்து உதிர்த்து, தாச்சியில் வெங்காயத்தோடு ஒரு பிரட்டுப் பிரட்டி, குரக்கன் புட்டோடு குழைத்துக் கொடுங்கள். இறால் தலைகளையும் நண்டு ஓடுகளையும் எறிய வேண்டாம், தண்ணீரில் இருபது நிமிடம் அவித்து வடித்தால் அடுத்த ஒடியல் கூழுக்கு அடித்தண்ணி ஆயத்தம்.