பழைய மின்கலத்துள் இருப்பது என்ன?

தோழர்களே, சென்ற மாதம் நம் விடுதிக் குப்பைத் தொட்டியருகே ஒரு காட்சி கண்டேன். பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ஒருவர், உப்பிய கைபேசி மின்கலமொன்றைக் கல்லால் தட்டித் திறக்க முற்பட்டார். என் அரைகுறை இந்தியில் கூவித் தடுத்தேன். "உள்ளே தாம்பா இருக்கிறது, பையா" என்றார் அவர்.

அவர் சொன்னது மெய்யே. செப்புத் தகட்டின்மேல் கிராபைட்டும், அலுமினியத் தகட்டின்மேல் லிதியம் கோபால்ட் ஆக்சைடும் பூசப்பெற்று, இடையே ஒரு திரவம் நிற்கிறது. 1991-இல் ஸோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த கலத்திலும் லிதியம் கோபால்ட் ஆக்சைடே இருந்தது. செம்பினும் விலைமிக்கது அந்தக் கரும்பூச்சு. தூய ஆக்சைடு 100 கிராமில் கோபால்ட் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். லிதியம் 7 கிராம். ஆனால் திரவத்திலுள்ள உப்போ, ஈரம் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய நச்சை உண்டாக்கும். மின்சாரம் எஞ்சியிருப்பின் தீயும் பற்றும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை, மின்னை முழுதும் வடிப்பதே.

பின்னர் கரும்பொடியைப் பிரித்துக் கந்தகத் திராவகத்தில் இட்டுச் சூடாக்குவோம். திராவகம் மட்டும் போதாது. நான் முதன்முறை பெராக்சைடு சேர்க்க மறந்து, மாலைவரை கரும்பொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்! ஆக்சைடிலுள்ள கோபால்ட் மூன்று மின்னேற்றம் உடையது, எளிதில் கரையாது. ஆக்சிஜன் ஏற்றும் பொருளென்று நாம் பள்ளியில் படித்த ஹைட்ரஜன் பெராக்சைடு, இங்கே எலெக்ட்ரானைக் கொடுத்து அதனை இரண்டாகக் குறைக்கிறது. உடனே கரைசல் ரோஜா நிறம் பெறும். அதில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் கோபால்ட் வீழ்படிவாகும்.

எஞ்சுவது லிதியம். அதனைப் பிடிக்கும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் மிகுதியாகக் கரையும். லிதியம் கார்பனேட்டோ குறைவாகக் கரையும். ஆகவே கரைசலைச் சுண்டக் காய்ச்சிச் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, ஆறுமுன் வடிகட்டுதல் வேண்டும். ஆறவிட்டால் பொருள் நீரோடு போய்விடும்.

உலையில் உருக்கும் முறையும் உண்டு. அதில் கோபால்ட், நிக்கல், செம்பு கலந்த உலோகம் கிடைக்கும். லிதியம் கசடோடு சேரும்.

இப்பொழுது மின்சாரப் பேருந்துகளில் பெருகிவரும் இரும்பு பாஸ்பேட் கலங்களில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அவற்றை மீட்போர்க்கு ஆதாயம் குறைவு. என் கருத்தில் இனிவரும் சிக்கல் இதுவே. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே வைத்துள்ளன. ஆயினும் நம் தொட்டியில் போட்டது அவரிடம் போகாது. கல்லேந்திய கபாடிவாலாவிடமே போகும். அன்று அவரிடமிருந்து வாங்கிய கலம் மணல் நிரப்பிய டப்பாவில் என் துறையில் இருக்கிறது. உங்கள் மேசையறையில் கிடப்பவற்றையும் குத்தாமல், வளைக்காமல் கொண்டு வாருங்கள்.