கோடு யாருக்காக?

(மிதிவண்டிப் பாதைகளும் பல நாட்டுச் சட்டங்களும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

மனிதன் தன் உடல் வலிமையைக் கொண்டே விரைந்து செல்லக் கண்ட கருவிகளுள் தலைசிறந்தது மிதிவண்டி. 1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தியே செல்ல வேண்டும். பிற்காலத்தில் மிதிகட்டையும் சங்கிலியும் காற்றடைத்த டயரும் சேர்ந்து இன்றைய வடிவம் கிடைத்தது. பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை, செலவும் குறைவு. ஆயினும் சாலையில் இதற்கு என்ன இடம் என்ற வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

சாலையோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் மிதிவண்டிக்குப் பாதை கிடைத்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். அந்தக் கோடு யாரைக் கட்டுப்படுத்துகிறது? மிதிவண்டி ஓட்டுபவரையா, மோட்டார் ஓட்டுபவரையா? இவ்வினாவுக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இயற்பியல் கூறும் உண்மை

முதலில் ஓர் எளிய கணக்கு. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ உள்ள மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 650 ஜூல். 1,000 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அது 96,000 ஜூலைத் தாண்டும். வேறுபாடு ஏறக்குறைய 150 மடங்கு! இவ்விரண்டும் மோதினால் யாருக்குக் கேடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஆற்றல் 35,000 ஜூல் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வழிகள் இரண்டே. ஒன்று, இரு வாகனங்களையும் பிரித்து வைக்க வேண்டும். அல்லது பெரிய வாகனத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். நல்ல சட்டங்கள் யாவும் இவ்விரு வழிகளுள் அடங்கும்.

ஒரே ஆண்டில் இரு நாடுகள்

1934ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவில் கொள்ளத் தக்கது. அவ்வாண்டு ஜெர்மனியில் வந்த சாலைப் போக்குவரத்து ஆணை, மிதிவண்டிப் பாதை உள்ள இடத்தில் மிதிவண்டிக்காரர் அதில்தான் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மோட்டார் வாகனங்களுக்குச் சாலையைத் தடையின்றி ஒழித்துக் கொடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையோரம் ஒரு மிதிவண்டிப் பாதையை அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்து வைத்தார். அதை எதிர்த்தவர்கள் யாரென்றால் மிதிவண்டிச் சங்கத்தாரே! இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் அஞ்சியதில் பொருள் உண்டு. 1888ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் மிதிவண்டியும் வண்டியே என்ற உரிமையை அவர்கள் பெற்றிருந்தனர். ‘இன்று பாதை தருவார்கள், நாளை சாலையை விட்டே விரட்டுவார்கள்’ என்பது அவர்கள் கவலை.

இன்றும் பிரிட்டனில் மிதிவண்டிப் பாதையைப் பயன்படுத்துவது கட்டாயமன்று. அங்கே மிதிவண்டிப் பாதையைத் தொடர்ச்சியான வெள்ளைக் கோட்டால் பிரித்திருந்தால், நடைமுறையில் உள்ள நேரங்களில் மோட்டார் வாகனம் அதனுள் நுழையலாகாது. அக்கோடு மோட்டாருக்கு இட்ட வேலி. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதி நூலும், அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற கொள்கையை முன்வைக்கிறது.

ஜெர்மனியும் பின்னர் மாறியது. 1998 அக்டோபர் முதல், நீல வட்டப் பலகை வைத்த பாதைகளில் மட்டுமே கட்டாயம் என்றாயிற்று. 2010இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், அசாதாரணமான ஆபத்து உள்ள இடத்தில்தான் அத்தகைய கட்டாயம் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரல் முதல், மிதிவண்டியை முந்தும் மோட்டார் வாகனம் ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் என்று அந்நாட்டு விதி வரையறுத்தது.

நியூயார்க்கில் ஒரு வேடிக்கை

கோடு மிதிவண்டிக்காரரைக் கட்டுப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு 2011இல் நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சி நல்ல சான்று. அந்நகரில் மிதிவண்டிப் பாதை இருந்தால் அதில்தான் செல்ல வேண்டும். தடையோ ஆபத்தோ இருந்தால் விலகலாம். கேசி நைஸ்டாட் என்ற திரைப்படக் கலைஞர் பாதையை விட்டு விலகியதற்காக 50 டாலர் அபராதம் பெற்றார். ‘சரி, இனி விலகவே மாட்டேன்’ என்று அவர் பாதையிலேயே ஓட்டிச் சென்று, எதிர்ப்பட்ட தடைகள் மீதெல்லாம் மோதி விழுந்து, அதைப் படமாக்கி வெளியிட்டார். அத்தடைகளுள் பாதையை அடைத்து நின்ற காவல் துறை வண்டியும் ஒன்று!

பார்த்தவர்கள் சிரித்தனர். ஆனால் அதில் ஒரு நீதிக் கேள்வி இருக்கிறது. பாதையை அடைத்து நிற்பவரைத் தண்டிக்காமல், அதனால் விலகிச் செல்பவரைத் தண்டிப்பது எவ்வாறு முறையாகும்?

டச்சு மக்கள் பெற்ற பாடம்

ஹாலந்து என்று நாம் அழைக்கும் நெதர்லாந்து, தொடக்கம் முதலே மிதிவண்டியின் சொர்க்கமாக இருந்தது என்று நினைப்பது தவறு. 1950களிலும் 1960களிலும் அங்கும் கார்கள் பெருகின, சாலைகள் அகலமாயின, மிதிவண்டி ஒதுக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர்.

தன் மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹோஃப் 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று எழுதினார். அப்பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. தாய்மாரும் குழந்தைகளும் தெருவில் இறங்கினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. காரில்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். அதன் பிறகே தனிப்பாதைகள் பெருகத் தொடங்கின. கேட்டுப் பெற்றார்களே தவிர, தானாகக் கிடைக்கவில்லை.

இங்கும் நீல வட்டப் பலகை உள்ள பாதையில் மிதிவண்டி செல்வது கட்டாயமே. ஆனால் பாதை அகலமானது, சீரானது, சந்திப்புகளில் சிறு திட்டுகள் அமைத்து, திரும்பும் கார் வேகம் குறைத்து மிதிவண்டியை நேராகக் காணும்படி செய்திருக்கிறார்கள். நல்ல பாதையில் போகச் சொன்னால் யார் மறுப்பார்?

இதற்குத் துணையாக மற்றொரு சட்டமும் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்து, மோட்டார் வாகனம் மிதிவண்டியில் மோதினால் இழப்பீட்டுப் பொறுப்பை மோட்டார் தரப்பின் மீதே முதலில் சுமத்துகின்றன. அடிபட்டவர் 14 வயதுக்குக் குறைந்தவராயின், வேண்டுமென்றே செய்த செயல் போன்ற அரிய நிலை தவிர, முழு இழப்பீடு தர வேண்டும். பெரியவராயின், அவர் மீது ஓரளவு தவறு இருந்தாலும் பொதுவாகப் பாதிக்குக் குறையாமல் தர வேண்டும். இது சிறைத் தண்டனை பற்றிய சட்டமன்று. இழப்பை யார் தாங்குவது என்ற சட்டம்.

2023இல் நெதர்லாந்தில் சாலையில் இறந்தவர்கள் 684 பேர். அவர்களில் 270 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். எனவே அங்கும் வேலை முடிந்துவிடவில்லை. ஆனால் 1971இன் எண்ணோடு ஒப்பிட்டால் எவ்வளவு உயிர்கள் மிஞ்சின என்பது விளங்கும்.

டென்மார்க்கின் ஓரக்கல்

கோபன்ஹேகன் நகரில் பெரும்பாலும் கோட்டுக்குப் பதில் கல்லே காவல். சாலையைவிட ஒரு படி உயரத்தில் மிதிவண்டிப் பாதை. அதைவிட ஒரு படி உயரத்தில் நடைபாதை. நொரெப்ரோ பெருஞ்சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துச் செல்பவருக்கு அடுத்தடுத்துப் பச்சை விளக்கு எரியுமாறு அமைத்தார்கள்.

அங்கே மிதிவண்டிக்காரருக்கும் கடமைகள் உண்டு. நிற்கப் போகிறவர் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். அந்நாட்டில் வாகனங்கள் வலப்புறமாகச் செல்பவை. இடப்புறம் திரும்ப விரும்பும் மிதிவண்டி குறுக்கே பாயக் கூடாது. சந்திப்பை நேராகக் கடந்து, அப்பால் நின்று, பிறகே திரும்ப வேண்டும்.

அபராதம் யாருக்கு?

மிதிவண்டிக்காரர் என்ன செய்தாலும் சரி என்று எந்த நாடும் கூறவில்லை. ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடிப்பதை நெதர்லாந்து 2019 ஜூலை முதல் தடை செய்தது. ஜப்பான் 2024 நவம்பர் முதல் அக்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று கடுமையாக்கியது. மறுபுறம், மிதிவண்டிப் பாதையில் காரை நிறுத்துவோருக்கு ஜெர்மனி 2021 நவம்பரில் அபராதத்தை 55 யூரோவாக உயர்த்தியது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2019 ஏப்ரலில், மிதிவண்டிப் பாதையில் ஓடிய சிறு மோட்டார் வண்டிகளை, வட்டச் சாலைக்குட்பட்ட பகுதியில், தலைக்கவசத்தோடு பெருஞ்சாலைக்கு மாற்றியது. இரு தரப்பையும் கண்டிக்கும் இடத்தில்தான் சட்டத்துக்கு மதிப்பு இருக்கும்.

முடிவுரை

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளே, சீருடையணிந்த காவலரின் அனுமதியின்றி நடைபாதையிலோ மிதிவண்டிப் பாதையிலோ மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்று கூறின. ஆனால் ஓட்டக் கூடாத அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்றுதான் தேட வேண்டியுள்ளது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டிதான் என்னை இன்றும் ஊரிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கொண்டு சேர்க்கிறது. என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். வண்டி கொடுத்த அரசு, அது செல்லப் பாதையும் கொடுத்தால் அக்கொடை முழுமை பெறும்.

பல நாட்டு அனுபவமும் நமக்கு உணர்த்துவது இதுதான்: முதலில் நல்ல பாதை, அடுத்து அதை அடைப்பவருக்குத் தண்டனை, அதன் பின்னரே மிதிவண்டிக்காரருக்குக் கட்டாயம். இவ்வரிசையை மாற்றிய இடங்களில் கோடு பெயரளவில் நின்றது. போற்றிய இடங்களில் பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் அச்சமின்றிச் செல்கின்றனர். டச்சுத் தாய்மார் கேட்டதைப் போல நாமும் கேட்போமாக.