பழைய நாவலும் புதிய தொடரும்: எழுத வருவோருக்கு எட்டு அறிவுரைகள்



"ஒரு கிளாசிக் நாவலை எடுத்து, இந்தக் காலத்துக்கு மாற்றி, காதல் தொடராகக் கொடுங்கள்" என்று சேனலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கிறார்கள், முடிவும் இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது வேறொரு காலத்தின் கதை. இதற்கு நான் பாடமாகச் சொல்வது துருக்கியின் 'அஷ்க்-இ மெம்னு'வை. ஹாலித் ஸியா உஷாக்லிகில் 1899-1900இல் இதழில் தொடராக எழுதிய நாவல் அது. 2008 முதல் 2010 வரை கனால் டி தொலைக்காட்சியில் இன்றைய இஸ்தான்புல் கதையாக வந்தது. மனைவியை இழந்த செல்வந்தர் அத்னானை இளம்பெண் பிஹ்தர் மணக்கிறாள். அவருடைய மாளிகையிலேயே வளரும், அவருக்குப் பிள்ளை முறையாகும் பெஹ்லுலிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. காதலர்களை எது தடுக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். ஒன்லைனுக்கும் முன்னால் எழுத வேண்டிய வரி இது. உஷாக்லிகில் காலத்து உஸ்மானியச் சமூகத்தில் குடும்ப மானமே பெரிய சுவர். ஆனால் துருக்கியில் 1926ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்துக்குப் பிறகு பெண்ணும் மணவிலக்குக் கேட்கலாம். அப்படியிருக்க, 2008இன் பிஹ்தர் அத்னானை விட்டு விலகி பெஹ்லுலைக் கட்டிக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் கதை இரண்டாம் வாரமே படுத்துவிடும். தொடரின் பதில்: பெஹ்லுலுக்கு அத்னான் தகப்பன் ஸ்தானம். சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் நன்றிக்கடன் வந்து நிற்கிறது. கூடவே அவனுடைய கோழைத்தனம். அது நாவலிலேயே உள்ளது. உங்கள் நாவலின் தடை இன்று செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா? செத்துவிட்டதென்றால், அதே கனமுள்ள இன்னொன்றைத் தேடிப் பிடித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

2. ஒரு சம்பவம் அந்தக் காலத்தில் எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கியது என்று கணக்குப் பாருங்கள். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' 1813இல் வந்தது. அதில் நாயகி எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா விக்கம் என்பவனுடன் ஓடிப்போனால் அக்காமார்களின் கல்யாண வாழ்வும் சேர்ந்து பாழாகும். இன்றைய அமெரிக்காவில் ஒரு பெண் காதலனோடு ஊர் சுற்றினால் எந்த அக்காவுக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அந்த நாவலை இன்றைய அமெரிக்காவுக்கு மாற்றி 2012-13இல் யூடியூபில் வந்த 'தி லிஸி பென்னட் டைரீஸ்' தொடரில் விக்கம் லிடியாவின் அந்தரங்க வீடியோவை இணையத்தில் விற்கப் பார்க்கிறான். சம்பவம் வேறு, அவமானத்தின் எடை ஒன்றே. நாவலில் வசதிக்காகக் காலின்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளும், நாயகியின் தோழி சார்லட், இந்தத் தொடரில் காலின்ஸின் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். நம் ஊரிலும் இயக்குநர் ராஜீவ் மேனன் 2000இல் இதைச் செய்திருக்கிறார். ஆஸ்டினின் இன்னொரு நாவலைத் தழுவிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் காதலியைக் கைவிடுபவன் நிதி நிறுவனம் நடத்தி நொடித்துப்போனவன். சீட்டுப் போட்டும் டெபாசிட் கட்டியும் பணத்தைப் பறிகொடுத்த ஊருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

3. நாவலைப் படியுங்கள், அதிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்காராதீர்கள். பிபிசியின் 1995 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' தொடரில் நாயகன் டார்ஸி குளத்தில் குதித்துவிட்டு நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்து நிற்பார். உலகத்துக்கே நினைவிருக்கும் காட்சி. ஆஸ்டின் அதை எழுதவே இல்லை. ஆண்ட்ரூ டேவிஸின் திரைக்கதையில் வந்தது. அடுத்தவர் கற்பனையை மூலம் என்று நினைத்து எடுத்துவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகே நூல் பொதுவுடைமையாகும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஆஸ்டினுக்கு யாரையும் கேட்க வேண்டாம். நேற்று அவரைத் தமிழில் தந்தவரின் வாக்கியங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும்.

4. எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வையுங்கள். அஷ்க்-இ மெம்னுவின் பலமே பாஸ்பரஸ் கரையில் நிற்கும் அந்த மாளிகைதான். கணவன், மனைவி, காதலன், முதல் தாரத்து மகள் நிஹால், ஆசிரியை, வேலைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். சாப்பாட்டு மேசையில் காதலன் எதிரே இருக்கிறான், பக்கத்தில் கணவன். யாரும் யாரையும் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஒரே லொக்கேஷன் என்றால் தயாரிப்பாளருக்கும் மனம் குளிரும்.

5. தொடரை இழுக்க வேண்டி வந்தால் நாவலுக்குள்ளேயே தோண்டுங்கள். இதே நாவலை 1975இல் ஹாலித் ரெஃபிக் துருக்கி அரசுத் தொலைக்காட்சிக்காக 6 பகுதிகளில் முடித்தார். 2008 தொடர் 79 பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளம். அதை எழுதிய எஜே யோரெஞ்ச், மெலெக் கென்ச்ஓலு இருவரும் பிஹ்தரின் தாய் ஃபிர்தெவ்ஸைப் பெரிதாக வளர்த்தார்கள். அத்னான் தன்னைத்தான் விரும்புகிறார் என்று தாய் எண்ணியிருக்க, அவர் மகளைப் பெண் கேட்கிறார். இந்தப் பகை உஷாக்லிகில் போட்ட விதை. ஒன்றுவிட்ட அத்தையையும் இரட்டைப் பிறவியையும் வெளியிலிருந்து கூட்டிவரும் முன், மூலத்தில் இரண்டே பக்கத்தில் வந்துபோகிறவர்களைத் திரும்பப் பாருங்கள். ஒரு டிராக் அங்கே சும்மா கிடக்கும்.

6. செல்போனைச் சமாளியுங்கள். பழைய காதல் கதைகளில் பாதி, கடிதம் தாமதமாக வந்ததால் நடந்தவை. இன்று ஒரு மிஸ்டு கால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு தவறான புரிதலையும் எடுத்துவைத்து, "இவள் ஏன் அவனுக்கு ஒரு போன் போடவில்லை?" என்று கேளுங்கள். சார்ஜ் இல்லை, டவர் இல்லை என்பதெல்லாம் ஒருமுறைக்குத்தான் எடுபடும். பேசினாலும் தீராத மனத்தாங்கலாக இருந்தால் நிற்கும்.

7. தவறு செய்கிறவளை வில்லியாக்காதீர்கள். நம் தொடர்களில் இது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது: குங்குமம் வைத்தவள் நல்லவள், புருவம் உயர்த்துபவள் கெட்டவள். பிஹ்தருக்கு இருக்கும் பெரிய பயம், தானும் தன் தாயைப் போல ஆகிவிடுவோமோ என்பது. அந்தப் பயத்தை விட்டு ஓடி ஓடி அங்கேயே போய்ச் சேர்கிறாள். அவள் செய்வது துரோகம் என்று தெரிந்தும் பார்ப்பவர்கள் அவளுக்காகத் தவித்தார்கள். அதே கவனத்தைச் சின்னப் பாத்திரத்துக்கும் கொடுங்கள். நாவலில் ரகசியத்தை உடைக்கும் பெஷிர் ஓர் அபிசீனிய அடிமைச் சிறுவன். அடிமை முறை போன பின்பும் 2008 தொடரில் அந்தப் பாத்திரத்தைத் தூக்கி எறியாமல் வீட்டு வேலையாளாக வைத்துக்கொண்டார்கள். எல்லாம் பார்த்தும் வாய் திறக்க முடியாதவன் எந்தக் காலத்து வீட்டிலும் உண்டு.

8. முடிவு தெரிந்த கதை என்று பயப்படாதீர்கள். அஷ்க்-இ மெம்னு நூறு வருடத்துக்கு முன்பே வந்த நாவல். பிஹ்தர் தன் உயிரை மாய்த்துக்கொள்வாள் என்பதைத் துருக்கியில் எத்தனையோ பேர் முன்பே படித்திருந்தார்கள். 2010 ஜூன் 24 அன்று வந்த கடைசிப் பகுதியிலும் அதுதான் நடந்தது. எப்போது, யார் கண்ணெதிரே என்பதற்காகவே மக்கள் காத்திருந்தார்கள். இரண்டாம் மாதம் டிஆர்பி ஏறினால் "ஜோடியைச் சேர்த்துவைத்துவிடலாமே" என்று உங்களிடமும் கேட்பார்கள். சேர்த்துவைக்கலாம், ஆனால் முதல் வரியில் எழுதிய தடை அப்போது பொய்யாகிவிடும், அதன்மேல் கட்டிய எல்லாக் காட்சிகளும் கூடவே பொய்யாகும். ஆகவே முன்பணம் வாங்கும் முன்பே கடைசிக் காட்சியை எழுதிக் கொடுத்து, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.