மெலிய விரும்புவோரும் புரதப் பவுடரும்: பேணி வாங்குமுன் ஒரு பாடம்



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் அமர்ந்திருக்கும்போது நாம் எதைப் பற்றிக் கதைக்கிறோம்? பிள்ளைகளின் படிப்பு, ஊர்ச் செய்தி, அதற்கு அடுத்தபடியாக எவருக்குச் சீனி கூடியது, எவர் எத்தனை கிலோ குறைத்தார் என்பவைதாம். அண்மைக் காலமாக அப்பேச்சில் புரதப் பவுடரும் சேர்ந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர் மட்டுமன்றி, தாய்மாரும் தாத்தாமாரும் இதை வாங்குகின்றனர். ஆகவே இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொண்டோம்.

எமது அங்கத்தவர் இருவருக்கு நேர்ந்ததை, அவர்களின் அனுமதியுடன், பெயர் குறிப்பிடாது முதலில் சொல்கிறோம்.

நீரிழிவு உள்ள சகோதரி ஒருவரை 6 கிலோ நிறை குறைக்குமாறு வைத்தியர் சொன்னார். அவர் ஒரு கடையில், முன்பக்கத்தில் ‘புரதம்’ என்று பெரிதாகப் போட்டிருந்த பேணியை வாங்கி, காலைச் சாப்பாட்டோடு பாலில் கலந்து குடித்து வந்தார். பத்து வாரத்தில் 3 கிலோ கூடியது; சீனியும் ஏறியது. பின்னர் பார்த்தால், அது மெலிந்தவர்கள் நிறை கூட்டுவதற்கென்று செய்த பவுடர்.

மற்றவர் சிறு வயது முதல் மச்சம் தொடாத ஒரு அம்மா. முழங்கால் நோவுக்கு நல்லது, உடம்பும் மெலியும் என்று மகள் ஆசையோடு வாங்கிக் கொடுத்த கொலாஜன் பவுடரை நான்கு மாதம் வெந்நீரில் கலந்து குடித்தார். ஒருநாள் பேரன் லேபலை வாசித்துவிட்டு, “அம்மம்மா, இது மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது” என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேணியை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் முழுகினார். மகள் இன்றும் அதை நினைத்துக் கலங்குகிறார்.

இவ்விருவரும் படித்தவர்களே. பேணியின் பின்பக்கத்தை வாசிக்கும் முறையை எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1. மெலியும்போது புரதம் எதற்கு?

உணவைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. தசையையும் சேர்த்தே கரைக்கிறது. குறையும் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருக்கக்கூடும். உண்ட மாச்சத்தில் பெரும்பகுதியைக் குருதியிலிருந்து உள்வாங்கிக்கொள்வது தசையே. ஆகவே நீரிழிவு மிகுந்த எமது சமூகத்தில் தசையை இழப்பது பெரிய நட்டம். மாடிப்படி ஏறவும், விழாமல் நடக்கவும் முதியோருக்குத் தசை வேண்டும்.

போதிய புரதமும், பாரம் தூக்குதல், கதிரையிலிருந்து எழுந்து எழுந்து இருத்தல் போன்ற தசைப் பயிற்சியும் இந்த இழப்பைக் குறைக்கும். புரதம் வயிறு நிறைந்த உணர்வையும் தரும். ஆனால் புரதம் தானாகக் கொழுப்பைக் கரைக்காது. ஒரு கிராம் புரதத்திலும் 17 கிலோயூல், அதாவது 4 கலோரி உண்டு. வழமையான சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் குடித்தால் நிறை கூடவே செய்யும்.

2. எமக்கு எவ்வளவு வேண்டும்?

அவுஸ்திரேலிய அரசின் பரிந்துரைப்படி, 19 முதல் 70 வயது வரையான பெண்களுக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 0.75 கிராம், ஆண்களுக்கு 0.84 கிராம் புரதம் தேவை. 70 வயதைத் தாண்டியோருக்கு இது பெண்களுக்கு 0.94, ஆண்களுக்கு 1.07 கிராமாக உயர்கிறது. உணவைக் குறைத்து மெலிய முயல்வோருக்கு, சிறுநீரகம் நலமாக இருந்தால், 1.2 கிராம் அளவு பொதுவாகச் சொல்லப்படுகிறது. 70 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு இது 84 கிராம்.

மெலிய வேண்டுமா என்பதையும் எமக்குரிய அளவுகோலால் பார்க்க வேண்டும். ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஆகும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் தெரிவித்தது. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களில் 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருப்பது நல்லது.

3. முதலில் சமையலறையைப் பார்ப்போம்

காலையில் பாணும் ஜாமும், மத்தியானம் சோற்றுடன் இரண்டு கரண்டி பருப்பு, இரவு பிட்டும் சம்பலும் என்று சாப்பிட்டால் புரதம் குறைவாகவே கிடைக்கும். சைவ உணவில் புரதம் இல்லை என்பதல்ல இதன் பொருள். நாம் மாச்சத்தைக் கூட்டிப் பருப்பைக் குறைத்துவிட்டோம். ஒரு நாளுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கலாம்:

பால் ஒரு கோப்பை (250 மில்லிலீற்றர்): 8 கிராம்
மைசூர்ப் பருப்பு (சமைக்குமுன் 50 கிராம்): 12 கிராம்
சோயா மீற் (உலர்ந்தது 50 கிராம்): 25 கிராம்
கடலைச் சுண்டல் ஒரு கோப்பை: 14 கிராம்
தயிர் 200 கிராம்: 10 கிராம்
சோறு ஒன்றரைக் கோப்பை: 6 கிராம்

மொத்தம் 75 கிராம். இன்னுமொரு கோப்பைப் பால் சேர்த்தால் 83. பவுடர் இல்லாமலே கணக்கு ஏறத்தாழ நிறைவாகிவிடுகிறது. மச்சம் சாப்பிடுவோருக்கு ஒரு முட்டையில் 6 கிராமும், சமைத்த கோழி நெஞ்சு இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராமும் உண்டு.

அப்படியானால் பவுடர் யாருக்கு உதவும்? விடிகாலையில் வேலைக்கு ஓடுவோர், மெல்ல முடியாத முதியோர், பருப்பும் கடலையும் வயிற்றுக்கு ஒத்துவராதோர், நிறை குறைக்கும் ஊசி போடுவதால் பசி குன்றியோர் ஆகியோருக்கு இது வசதியான துணை. ஒரு வேளை உணவின் பகுதிக்குப் பதிலாக இதை எடுக்க வேண்டும்; மேலதிகமாக அல்ல.

4. எந்த வகை?

வே புரதம்: பாற்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுப்பது. தேவையான அமினோ அமிலங்கள் யாவும் இதில் உண்டு. ‘கொன்சன்ரேற்’ வகையில் 80 சதவீதம் வரையும், ‘ஐசொலேற்’ வகையில் 90 சதவீதம் அளவிலும் புரதம் இருக்கும். பால் குடித்தால் வயிறு ஊதுவோருக்குப் பாற்சீனி குறைந்த ஐசொலேற் பொருந்தலாம். பாற்கட்டி திரிப்பதற்குச் சில இடங்களில் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் நொதியம் பயன்படுகிறது. ஆகவே கண்டிப்பான சைவர்கள் ‘வெஜிற்றேரியன்’ என்ற குறிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

சோயா: தாவரப் புரதங்களுள் தரமானது. தைரொயிட் குளிசை எடுப்போர் சோயாவையும் குளிசையையும் ஒன்றாக எடுக்கக்கூடாது. சில மணி நேர இடைவெளி வேண்டும்.

பட்டாணி, அரிசி: இரண்டும் கலந்தது நல்லது, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

கொலாஜன்: மாட்டுத் தோல், எலும்பு, மீன் தோல் ஆகியவற்றிலிருந்து வருவது. லேபலில் ‘போவைன்’ என்றால் மாடு, ‘மரைன்’ என்றால் மீன். சைவர்களுக்கு இது ஆகாது. மேலும் திரிப்டோபான் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் இதில் இல்லை. தசையைக் காக்கும் புரதமாக இதை நம்பக்கூடாது.

5. பேணியின் பின்பக்கம்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கமே விபரம். அவுஸ்திரேலியாவில் போசணை அட்டவணையில் ‘ஒரு பரிமாறல்’, ‘100 கிராம்’ என இரண்டு நிரல்கள் இருக்கும். பரிமாறலின் அளவைக் கம்பனியே தீர்மானிக்கிறது. ஆகவே 100 கிராம் நிரலைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.

முதலாவது, புரதம் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் இருக்கட்டும்.

இரண்டாவது, சீனி 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு பரிமாறலின் சக்தியைப் பாருங்கள். நல்ல பவுடரின் 30 கிராம் கரண்டியில் ஏறத்தாழ 500 கிலோயூல் இருக்கும். எமது சகோதரி வாங்கியதில் ஒரு பரிமாறல் 150 கிராம். அதில் புரதம் 30 கிராம், மாச்சத்து 100 கிராம், சக்தி 2,400 கிலோயூல். அது ஏறத்தாழ மூன்று கோப்பைச் சோறு! ‘மாஸ்’, ‘கெயினர்’ என்ற சொற்களைக் கண்டால் பேணியைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நான்காவது, உள்ளடக்கப் பட்டியலில் கிளைசின், ரோறின் ஆகியவை முன்னணியில் இருந்தால் எச்சரிக்கை. புரதத்தை அளக்க, 1883இல் டென்மார்க்கின் யெல்டால் என்பவர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. அது நைதரசனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணிக்கிறது. ஆகவே மலிவான நைதரசன் பொருளைச் சேர்த்தால் கணக்கு உயர்ந்துவிடும். 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் கலந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நோயுற்றதும் இந்த ஓட்டையாலேயே.

ஐந்தாவது, ‘இன்ஃபோம்ட் ஸ்போர்ட்’ போன்ற சுயாதீனப் பரிசோதனை முத்திரை உண்டா? விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்துள்ளனவா என்று பார்த்தே இம்முத்திரை வழங்கப்படுகிறது. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2010இலும் 2025இலும் செய்த சோதனைகளில் சில புரதப் பவுடர்களில் ஈயம் போன்ற உலோகங்கள் காணப்பட்டன. 2025இல் தாவர வகைகளிலேயே ஈயம் அதிகமாக இருந்தது. ஆகவே நாளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஆறாவது, விலை. ஒரு கிலோ பவுடர் 50 டொலர், 100 கிராமில் 75 கிராம் புரதம் என்றால், 25 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 1 டொலர் 67 சதம் ஆகும். ஒரு கிலோ பருப்பு 4 டொலர் என்றால் அதே 25 கிராமுக்கு 42 சதம் போதும்.

6. வைத்தியரைக் கேளாமல் தொடங்கக்கூடாதோர்

சிறுநீரக நோயாளர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள் ஆகியோர். விளையாட்டு உணவாக விற்கப்படும் பவுடர்களில், 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என அவுஸ்திரேலிய உணவுச் சட்டமே சொல்கிறது. நீரிழிவும் குருதி அழுத்தமும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆகவே அவை உள்ளோர் முதலில் குருதி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீண்டகால நோயுள்ளோருக்குப் பொது வைத்தியர் திட்டம் எழுதித் தந்தால், உணவு ஆலோசகர் போன்றோரிடம் ஆண்டுக்கு 5 தடவை வரை மெடிகெயார் உதவியுடன் செல்லலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சி

1. நேற்றுச் சாப்பிட்டதை எழுதி, மேலுள்ள அட்டவணைப்படி புரதத்தைக் கூட்டுங்கள். உங்கள் நிறைக்கு அது போதுமா?
2. வீட்டில் பவுடர் இருந்தால் 100 கிராம் நிரலில் புரதம், சீனி, சக்தி மூன்றையும் குறியுங்கள்.
3. ஆங்கிலம் நன்கு தெரிந்த பிள்ளைகள், அம்மம்மா, அப்பப்பா எடுக்கும் பேணியின் உள்ளடக்கத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் தமிழில் சொல்லுங்கள்.

மூன்றாவது பயிற்சியை இந்தக் கிழமையே செய்யுங்கள் என்று விசேடமாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்த அம்மாவின் பேரன் நான்கு மாதம் முந்தி வாசித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பேணிகளை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டு வந்தால், கூடியிருந்து வாசிப்போம்.

அந்தச் சகோதரி இப்போது காலையில் பயற்றஞ் சுண்டலும் தயிரும் சாப்பிடுகிறார். மாலையில் ஆலய வீதியை எம்முடன் சுற்றி வருகிறார். கூடிய 3 கிலோவும் இறங்கிவிட்டது. மிகுதி 6 கிலோவும் மெல்ல மெல்ல இறங்கும். அவசரமில்லை.